வல்லவர் வாழும் இல்லம்

வலிமையில் சிறந்தோரின் வரலாறுகளைக் கேட்டு வியத்தல் மக்கள் இயல்பு. மலையைப் பெயர்த்தவன், கடலைத் தாண்டியவன், காற்றினும் கடுகிச் சென்றவன் என இத்தகையோரைப் பற்றிய கதைகள் எல்லா நாடுகளிலும் வழங்கி வந்துள்ளன. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க நாட்டில் இக்கதைகள் படக்கதை நூல்களில் புதுவடிவம் பெற்றன. முகமூடியும் வண்ண உடையும் அணிந்து, கொடியோரை ஒறுத்து, நகரங்களைக் காக்கும் 'சூப்பர் ஹீரோ' எனப்படும் பேராற்றல் வீரர்கள் அவற்றில் தோன்றினர். அக்கதைகள் பெரும்பாலும் போரைக் கூறும், வெற்றியைக் கூறும். வெற்றிக்குப் பின் அவ்வீரர் எங்கே செல்கின்றார்? அவருக்கு மனைவி மக்கள் உண்டோ? வீட்டுச் செலவுக்கு அவர் எவ்வாறு பொருள் ஈட்டுகின்றார்? இவ்வினாக்களை எழுப்பி, அவற்றிற்கு நகைச்சுவையும் உருக்கமும் கலந்து விடை கூறிய திரைப்படம் ஒன்று உண்டு.

படமும் படைத்தவரும்

'தி இன்கிரெடிபிள்ஸ்' என்பது அத்திரைப்படத்தின் பெயர். 'நம்புதற்கு அரியவர்கள்' என்பது அதன் பொருள். கலிபோர்னியா மாநிலத்தில் எமரிவில் என்னும் ஊரிலுள்ள பிக்சார் நிறுவனம் இதனை உருவாக்கியது. 2004ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 5ஆம் நாள் இஃது அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியாயிற்று. இதில் நடிகர் எவரும் நேரில் தோன்றுவதில்லை. கணிப்பொறியின் துணைகொண்டு அமைத்த உருவங்களே நடமாடுகின்றன; நடிகர்கள் அவற்றிற்குக் குரல் மட்டும் வழங்கியுள்ளனர். இவ்வகைப் படத்தை 'அனிமேஷன் படம்' என்பர்.

இதன் கதையை எழுதி இயக்கியவர் பிராட் பேர்ட் என்பவர். இவர் 1957ஆம் ஆண்டில் மாண்டானா மாநிலத்தில் பிறந்தார். பதினோராம் வயதிலேயே அசையும் ஓவியப் படம் ஒன்றைத் தாமே வரையத் தொடங்கிய இவருக்கு, டிஸ்னி நிறுவனத்தின் தலைசிறந்த ஓவியர்களுள் ஒருவரான மில்ட் கால் வழிகாட்டியாக விளங்கினார். எனினும், இளமையில் இத்துணை நற்பேறு வாய்ந்தும் இவருக்குத் திரையுலகில் எளிதில் இடம் கிடைக்கவில்லை. 1999இல் இவர் இயக்கிய 'தி அயர்ன் ஜயன்ட்' என்னும் படத்தை அறிஞர்கள் பாராட்டினர். ஆனால் அது வருவாய் ஈட்டவில்லை.

பேராற்றல் வாய்ந்த குடும்பம் ஒன்றின் உருவங்களை இவர் 1993ஆம் ஆண்டளவிலேயே வரைந்து வைத்திருந்தார். அக்காலத்தில் ஒரு கவலை இவரை வாட்டியது. கலைக்கே தம்மை ஒப்படைத்தால் மனைவி மக்களுக்குச் செய்ய வேண்டிய கடமையில் தவறியவர் ஆவார். குடும்பத்தையே எண்ணியிருந்தால் கலையில் பின்தங்கியவர் ஆவார். இவ்விரண்டையும் ஒருங்கே காப்பது எப்படி? இக்கவலையே கதைக்கு வித்தாயிற்று என்று இவர் பின்னர் உரைத்துள்ளார். ஆகவே, முகமூடி வீரரின் கதைபோலத் தோன்றும் இப்படம், உண்மையில் உழைக்கும் தந்தை ஒருவரின் மனப் போராட்டத்தைக் கூறுவதாகும்.

குடத்துள் இட்ட விளக்கு

கதைத் தலைவர் பாப் என்பவர். இரயில் வண்டியைத் தோளால் தடுத்து நிறுத்தும் உடல் வலிமை உடையவர். அவருடைய மனைவி ஹெலன். தம் உடலை இரப்பர்போல நீட்டவும் வளைக்கவும் வல்லவர். இருவரும் ஒரு கற்பனை நகரில் மக்களைக் காத்துப் புகழ் எய்தியவர்கள்.

ஒரு நாள், உயர்ந்த கட்டடத்தின் உச்சியிலிருந்து உயிரை மாய்த்துக்கொள்ளக் குதித்த ஒருவனைப் பாப் பாய்ந்து தாங்கிக் காப்பாற்றுகின்றார். காப்பாற்றப்பட்டவனோ, 'காக்குமாறு யான் வேண்டவில்லையே! என் உடலில் காயமும் நேர்ந்ததே!' என்று நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கின்றான். பேராபத்திலிருந்து காக்கப்பட்ட இரயில் பயணிகளும், வண்டி திடீரென நின்றதால் அடிபட்டோம் என்று வழக்கிடுகின்றனர். வழக்குகள் பெருகுகின்றன, இழப்பீட்டுத் தொகை மலைபோல வளர்கின்றது. மக்களும் மனம் மாறுகின்றனர். இறுதியில் அரசாங்கம் ஓர் ஏற்பாடு செய்கின்றது. இழப்பீட்டை அரசே ஏற்கும். வீரர்கள் அனைவரும் தம் ஆற்றலை இனி ஒருபோதும் வெளிக்காட்டாமல், பொதுமக்களோடு பொதுமக்களாய் மறைந்து வாழவேண்டும்.

இவ்வாறு பதினைந்து ஆண்டுகள் கழிகின்றன. குன்றின்மேல் இட்ட விளக்காய் ஒளிர்ந்தவர்கள் குடத்துள் இட்ட விளக்காய் அடங்கிவிடுகின்றனர். அவர்களுடைய குடும்பப் பெயர் 'பார்' என்பது. சராசரி நிலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஒன்றும் இவ்வாறே ஒலிக்கும். எவரினும் உயர்ந்தவர் சராசரி மனிதராய் நடிக்க வேண்டிய நிலையைப் பெயரே உணர்த்துகின்றது.

காப்பீட்டு அலுவலகத்தில்

பாப் இப்பொழுது ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் எழுத்து வேலை பார்க்கின்றார். அவருடைய அகன்ற மார்புக்கு அந்தச் சிறு தடுப்பறை போதவில்லை. அவர் ஏறிச் செல்லும் சிறிய காரும் அவ்வாறே. இழப்பீடு கேட்டு வருவோர்க்கு இல்லையென்று மறுத்து அனுப்புவதே அங்கு அவருக்கு இட்ட பணி.

ஒரு நாள் மூதாட்டி ஒருத்தி அவர்முன் அமர்ந்து, தனக்கு உரிய தொகை மறுக்கப்பட்டதை எண்ணிக் கண் கலங்குகின்றாள். பாப் சுற்றுமுற்றும் பார்க்கின்றார். பின்பு, எந்தப் படிவத்தை எந்தப் பகுதியில் யாரிடம் கொடுத்தல் வேண்டும் என்பதை எல்லாம் அவளுக்கு மறைவாக எடுத்துரைக்கின்றார். ஆனால் அயலார் செவியில் விழுமாறு, தம்மால் ஒன்றும் செய்ய இயலாது என்று உரக்கக் கூறுகின்றார். தோள் வலிமைக்கு அங்கு வேலையில்லை. பறக்கவும் தாவவும் தேவையில்லை. ஏழை ஒருத்தியின் துயரைக் கண்டு, தமக்கு வரக்கூடிய இடரையும் பொருட்படுத்தாமல் அவளுக்கு உதவினார், அவ்வளவே. ஆயினும், படத்தில் அவர் புரியும் வீரச் செயல்களுள் இதனைக் கடைப்பட்டது என்று எவரும் கூற இயலுமோ?

விந்தை யாதெனில், பாப் இதனை வீரம் என்று உணர்ந்திலர். பழம்புகழைக் கூறும் செய்தித்தாள் துணுக்குகளைத் தம் அறைச் சுவரில் மாட்டி, அவற்றை நோக்கிப் பெருமூச்சு விடுகின்றார். நண்பரோடு பந்து விளையாடச் செல்வதாக மனைவியிடம் பொய் கூறி, இரவில் காரில் அமர்ந்து காவலரின் வானொலிச் செய்திகளை ஒட்டுக்கேட்டு, எங்கேனும் இடர் நேர்ந்ததா என்று தேடித் திரிகின்றார். உணவு மேசையில் பிள்ளைகள் சண்டையிட, மனைவி தனித்து நின்று அவர்களை விலக்க, அவர் மனம் மட்டும் வேறெங்கோ அலைகின்றது. உடலால் வீட்டில் இருந்தும் உள்ளத்தால் அவர் வீட்டில் இல்லை. இதுவே அவருடைய குறை.

ஆற்றல்களின் உட்பொருள்

இக்குடும்பத்தார் ஒவ்வொருவர்க்கும் வாய்த்த ஆற்றல் மனம்போனபடி அமைக்கப்பட்டதன்று. தந்தை வலியவராய் இருத்தல் வேண்டும் என்று உலகம் எதிர்பார்க்கின்றது. ஆகவே பாப் உடல் வலிமை பெற்றார். தாயோ ஒரே வேளையில் நான்கு திசைகளிலும் இழுக்கப்படுகின்றாள். அடுப்பில் ஒரு கை, குழந்தையிடம் ஒரு கை, பள்ளிக்குச் செல்லும் பிள்ளையிடம் ஒரு கண் என அவள் வாழ்வு நீள்கின்றது. ஆகவே ஹெலன் உடலை நீட்டும் ஆற்றல் பெற்றார்.

மூத்த மகள் வயலட் பதின்மூன்று பத்தொன்பது வயதுக்கு இடைப்பட்ட பருவத்தினள். பிறர் தன்னை நோக்குவரோ என்று அஞ்சும் பருவம் அது. நீண்ட கூந்தலால் முகத்தை மறைத்துக்கொண்டு நடக்கும் அவளுக்கு, உருவம் மறையும் ஆற்றலும், தன்னைச் சுற்றிக் காப்பு வளையம் அமைக்கும் ஆற்றலும் வாய்த்தன. இளையவன் டாஷ் பத்து வயதுச் சிறுவன். ஓரிடத்தில் நில்லாத அப்பருவத்திற்கு ஏற்ப, கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடி மீளும் விரைவு அவனுக்கு உண்டு. தொட்டிலில் கிடக்கும் குழந்தை ஜாக் ஜாக்கிடம் ஆற்றல் எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. எதிர்காலத்தில் குழந்தை என்னவாகும் என்பதை யார் அறிவார்? இறுதியில் அக்குழந்தை ஒன்றல்ல, பல ஆற்றல்களை வெளிப்படுத்திக் கொடியவனைத் திகைக்க வைக்கின்றது. இயற்கைக்கு மாறாய்த் தோன்றும் இவ்வாற்றல்கள், இயற்கையான குடும்ப வாழ்வைப் பெரிதாக்கிக் காட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடிகளே எனலாம்.

புகழை விரும்பியவன்

பாப்பின் இளமைக் காலத்தில் பட்டி என்னும் சிறுவன் ஒருவன் அவரைத் தெய்வமாக எண்ணினான். பிறவியிலேயே பேராற்றல் இல்லாத அவன், தன் அறிவுத்திறத்தால் பறக்கும் காலணிகளைச் செய்து அணிந்து, தன்னைத் துணைவனாக ஏற்குமாறு வேண்டினான். தாம் தனித்தே தொழில் புரிபவர் என்று கூறி, பாப் அவனைத் துரத்திவிட்டார். அச்சொல் சிறுவன் நெஞ்சில் நஞ்சாய் ஊறியது. அவன் வளர்ந்து, சின்ட்ரோம் என்று தன் பெயரை மாற்றிக்கொண்டு, போர்க் கருவிகளை விற்றுப் பெருஞ்செல்வன் ஆனான். கற்கும் பொறி மனிதன் ஒன்றைச் செய்து, மறைந்து வாழ்ந்த வீரர்களை ஒருவர்பின் ஒருவராகத் தன் தீவுக்கு அழைத்து, அதனோடு பொருதச் செய்து கொன்றான். அப்பொறியை நகரின்மேல் ஏவி, பின்பு தானே அதனை அடக்குவதுபோல நடித்து, மக்களின் புகழைக் கவர்தல் அவன் சூழ்ச்சி.

வேலை இழந்து வருந்திய பாப்பும் அவ்வழைப்பை ஏற்றுத் தீவுக்குச் செல்கின்றார். வேலை போனதை மனைவியிடம் மறைக்கின்றார். பழைய நாட்கள் மீண்டன என்று மகிழ்ந்த அவர், இறுதியில் பகைவன் கையில் சிறைப்படுகின்றார்.

பட்டியிடம் இயற்கை ஆற்றல் இல்லாமை ஒரு குற்றமன்று. அவனுடைய அறிவு போற்றத்தக்கதே. ஆனால் மக்களைக் காக்க வேண்டும் என்னும் எண்ணம் அவனிடம் இல்லை. காத்தவன் என்னும் பெயர் மட்டுமே அவனுக்கு வேண்டியிருந்தது. பாப் மூதாட்டிக்கு உதவியபோது, கண்டோர் எவரும் புகழவில்லை. அவரும் புகழை நாடவில்லை. பட்டி உதவ முற்பட்டபோது, முதலில் ஆபத்தை உண்டாக்கினான்; பின்பு காண்போரைத் தேடினான். வீரத்துக்கும் வீர வேடத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ஒருமுறை பாப் சினம் மிகுந்து, சின்ட்ரோமின் பணிப்பெண்ணான மிராஜைப் பற்றிக்கொண்டு, அவளை நசுக்கிவிடுவதாக அச்சுறுத்துகின்றார். தம் மனைவி மக்கள் இறந்தனர் என்று அவர் நம்பியிருந்த வேளை அது. எனினும் அவரால் ஓர் உயிரைக் கொல்ல இயலவில்லை, விட்டுவிடுகின்றார். பகைவன் இதனைக் கோழைத்தனம் என்று எள்ளி நகையாடுகின்றான். மிராஜோ, உயிரை மதித்தல் வலிமைக் குறைவு ஆகாது என்பதை அப்பொழுது உணர்கின்றாள். பின்னர் அவளே பாப்பின் கட்டுகளை அவிழ்க்கின்றாள்.

தாயின் சொல்

கணவரைத் தேடி ஹெலன் விமானத்தில் புறப்படுகின்றார். பிள்ளைகள் இருவரும் அவர் அறியாமல் அதில் ஏறி ஒளிந்துகொள்கின்றனர். ஏவுகணைகள் விமானத்தை நெருங்கும் வேளையில், விமானத்தைச் சுற்றிக் காப்பு வளையம் அமைக்குமாறு தாய் மகளிடம் கதறுகின்றார். வயலட்டால் இயலவில்லை. விமானம் சிதறுகின்றது. தாய் தம் உடலையே குடைபோல விரித்துப் பிள்ளைகளைக் காக்கின்றார். கடலில் விழுந்தபின் தம் உடலையே படகாக்குகின்றார். மகனின் கால்கள் அப்படகுக்குச் சுழல்பொறி ஆகின்றன.

கரை சேர்ந்தபின் வயலட் தன் இயலாமையை எண்ணி வருந்துகின்றாள். அப்பொழுது தாய் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. ஆற்றலை ஒளித்து வைக்குமாறு பல ஆண்டுகள் பழக்கிவிட்டு, ஒரே நொடியில் அதனை வெளிப்படுத்துமாறு கேட்டது தம் தவறே என்று கூறி, மகளிடம் வருத்தம் தெரிவிக்கின்றார். அவள் அறிந்ததினும் மிகுந்த ஆற்றல் அவளிடம் உண்டு என்று ஊக்கமும் ஊட்டுகின்றார். இச்சொற்களே அவளை மாற்றுகின்றன. பின்னர்த் தம்பியைப் பகைவர் சுட முனையும் வேளையில், அவள் தன்னை மறந்து குறுக்கே பாய்கின்றாள். காப்பு வளையம் தானே தோன்றுகின்றது. தன்னைப் பற்றிய அச்சம் நீங்கி, பிறர்மேல் அன்பு மிகும்பொழுது ஆற்றல் மலர்கின்றது அன்றோ!

ஓவியர் எதிர்கொண்ட அரிய பணி

இக்கதையைத் திரையில் காட்டுதல் எளிதாக இருக்கவில்லை. பிக்சார் நிறுவனம் 1995இல் 'டாய் ஸ்டோரி' என்னும் முதல் முழுநீளக் கணிப்பொறி அனிமேஷன் படத்தை வெளியிட்டது. அதன்பின் பூச்சிகள், பூதங்கள், மீன்கள் ஆகியவற்றைத் தலைமை மாந்தராகக் கொண்ட படங்களை வழங்கியது. கதை மாந்தர் யாவரும் மனிதராகவே அமைந்த அதன் முதற்படம் 'தி இன்கிரெடிபிள்ஸ்' ஆகும். நெகிழியாலான பொம்மையின் முகம் அசையாதிருப்பினும் காண்போர் பொறுப்பர். மனித முகத்தை ஒவ்வொருவரும் பிறந்தது முதல் பார்த்து வருதலால், அதில் சிறு பிழை நேரினும் உடனே கண்டுகொள்வர்.

தோலின்மேல் விழும் ஒளி சிறிதளவு உள்ளே புகுந்து பரவி வெளிவரும். அதனைக் காட்டாவிடின் முகம் மரப்பாவைபோலத் தோன்றும். பாப்பின் உடலை அமைக்குங்கால், எலும்பு, தசை, தோல் என அடுக்கடுக்காக எண்ணிப் பார்த்து, தசை அசையத் தோலும் அசையுமாறு செய்தனர். ஆடையின் மடிப்பும், நீரில் நனைந்த கூந்தலும் பெரும் உழைப்பை வேண்டின. எல்லாவற்றினும் கடினமாய் அமைந்தது வயலட்டின் நீண்ட கூந்தல். அதனை மாற்றிக் குறுகிய கூந்தலாக வரைந்துவிடலாகாதா எனின், ஆகாது. கூந்தலுக்குப் பின்னே ஒளிதல் அவள் இயல்பு. அந்த இயல்பே கதை. ஆகவே ஓவியரும் பொறிவல்லுநரும் முயன்று அதனை முடித்தனர்.

திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. இப்படம் ஏறத்தாழ 115 நிமிடங்கள் ஓடக்கூடியது. கணக்கிட்டுப் பார்ப்பின், ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட தனிப்படங்கள் இதில் அடங்கியுள்ளமை விளங்கும். இத்துணை உழைப்பும் வீண்போகவில்லை. 2005ஆம் ஆண்டில் நடைபெற்ற ஆஸ்கார் விழாவில், சிறந்த அனிமேஷன் படத்துக்கும் சிறந்த ஒலித் தொகுப்புக்கும் உரிய இரண்டு பரிசுகளை இப்படம் பெற்றது.

வலியவரின் வாய்மொழி

கதையின் முடிவில் பொறி மனிதன் நகரை அழிக்கப் புகுகின்றது. பாப் தம் மனைவி மக்களை ஒதுங்கி நிற்குமாறு வேண்டுகின்றார். தாம் மட்டும் சென்று பொருவதாகக் கூறுகின்றார். ஹெலன் சினம் கொள்கின்றார். உடல் வலிமையைக் காட்டி மகிழத்தான் தனித்துச் செல்கின்றாரோ என்பது அவர் ஐயம். அப்பொழுது பாப் மனம் உடைந்து உண்மையை உரைக்கின்றார். தம் குடும்பத்தை மீண்டும் ஒருமுறை இழக்கத் தம்மால் இயலாது என்றும், அத்துயரைத் தாங்கத்தக்க வலிமை தமக்கு இல்லை என்றும் கூறுகின்றார். இரயில் வண்டியைத் தடுத்தவர் தமக்கு வலிமை இல்லை என்று கூறும் அவ்விடமே படத்தின் உயிர்நிலை. எல்லாரும் சேர்ந்து நின்றால் அத்தகைய வலிமை அவருக்குத் தேவைப்படாது என்று மனைவி விடை பகர்கின்றார்.

அவ்வாறே யாவரும் ஒன்றுகூடுகின்றனர். அப்பொறியின் ஓட்டை அப்பொறியின் கரமே துளைக்கவல்லது. எனவே டாஷ் ஓடுகின்றான், வயலட் மறைகின்றாள், ஹெலன் கட்டளைக் கருவியை இயக்குகின்றார், பாப் பொறியின் கரத்தைத் தாங்கிக் குறி வைக்கின்றார், குடும்ப நண்பர் புரோசோன் பனியால் வழி அமைக்கின்றார். எவராலும் தனித்து முடியாத செயல் எல்லாராலும் எளிதில் முடிகின்றது. தனித்தே தொழில் புரிபவர் என்று ஒரு காலத்தில் செருக்கிய பாப், தம் பழஞ்சொல்லைத் தாமே மறுத்துவிடுகின்றார்.

ஓட்டப் பந்தயம்

படத்தின் இறுதியில் பள்ளி விளையாட்டு விழா ஒன்று நடைபெறுகின்றது. ஆற்றல் வெளிப்படும் என்று அஞ்சி, பந்தயங்களில் கலந்துகொள்ள டாஷுக்கு முன்பு இசைவு தரப்படவில்லை. அதனால் ஏங்கிய அவன், ஆசிரியரிடம் குறும்பு செய்து தன் விரைவைச் சோதித்து வந்தான். இப்பொழுது அவனும் ஓடுகின்றான். அவன் நினைத்தால் ஏனையோர் ஓரடி எடுத்து வைக்குமுன் எல்லையைத் தொட்டு மீளலாம். ஆயினும், குடும்பத்தார் ஆரவாரித்து ஊக்க, அவன் அளவறிந்து ஓடி இரண்டாவதாக வருகின்றான். அவன் முகத்தில் வருத்தம் இல்லை; ஓடக் கிடைத்த மகிழ்ச்சியே நிறைந்திருக்கின்றது. வயலட்டின் கூந்தலும் இப்பொழுது அவள் முகத்தை மறைக்கவில்லை.

ஆற்றலை அடியோடு ஒளித்து வைத்தால் அது நெஞ்சில் புழுங்கிக் குறும்பாகவும் ஏக்கமாகவும் வெளிப்படும். அதனைப் பிறர்முன் பகட்டிக் காட்டினால் அது செருக்காய் முடியும். இடமும் காலமும் அளவும் அறிந்து, பிறர் நலத்துக்குப் பயன்படுத்தினால் அது வீரம் ஆகும். ஒவ்வோர் இல்லத்திலும் இத்தகைய வீரம் நாள்தோறும் நிகழ்கின்றது. மறுநாள் உணவுக்காக விழித்திருந்து உழைக்கும் தந்தையும், பல திசையும் தம் கைகளை நீட்டி இல்லத்தைத் தாங்கும் தாயும், தம்பிக்காக முன்வந்து நிற்கும் தமக்கையும் முகமூடி அணிவதில்லை. செய்தித்தாள்கள் அவர்களைப் பாடுவதில்லை. எனினும் அவர்கள் வல்லவர்களே. பாப் நெடுங்காலம் வெளியே தேடி அலைந்த வீர வாழ்வு, அவர் வீட்டு உணவு மேசையிலேயே அவருக்காகக் காத்திருந்தது.